ஏழு என்று வெட்டிய கல்

பங்குத்தந்தை ரெக்சன் சாமி ஒருவர். ஆயர் இல்லத்திலிருந்து வந்த பெரிய சாமி ஒருவர். கப்பற்படையிலிருந்து வெள்ளை உடுப்பில் மூன்று பேர். கன்னியர் மடத்துச் சிஸ்டர்மார் நான்கு பேர், அதில் ஒருவர் பிரசங்கம் முடிந்த பிறகுதான் வந்தார். பங்குப் பேரவைக்காரர்கள் பதினொரு பேர். பாட்டுக்காரப் பிள்ளைகள் ஒன்பது பேர். லூர்துநாயகம் வாத்தியார் வீட்டு ஆட்கள் பதினாறு பேர். போட்டோ எடுக்கிறவர்கள் இரண்டு பேர். மற்றபடி ஊர் ஜனங்கள், கைக்குழந்தைகளையும் சேர்த்து, இருநூற்று நாற்பத்தொரு பேர். நான் ஒருவன். ஆகமொத்தம் இருநூற்று எண்பத்தொன்பது.

இன்றைக்குக் கல் திறப்பு விழாவுக்கு யார் யார் வந்தார்கள் என்று நீங்கள் கேட்டதால் சொன்னேன் அம்மா. வேறு யாரிடமாவது கேட்டிருந்தால் ஆயிரம் பேர் என்பார்கள். பத்திரிகைக்கு அப்படித்தான் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். உட்காருங்கள். அந்த நாற்காலி வேண்டாம், அதற்கு ஒரு கால் சரியில்லை. இதில் உட்காருங்கள். நான் இவற்றை அடுக்கிக்கொண்டே பேசுகிறேன். நேருக்கு நேர் உட்கார்ந்து பேச எனக்கு வராது.

நான் இந்தக் கோயிலில் கோயில்பிள்ளை. மணி அடிப்பது, திரி ஏற்றுவது, பீடத்துத் துணி துவைப்பது, பூசைக்கு எத்தனை அப்பம் எடுத்து வைக்க வேண்டும் என்று ஆட்களை எண்ணுவது, எல்லாம் என் வேலை. பெயர் வியாகுலம். ஐந்தாவது வரை படித்தேன். எண்ணிக்கை தப்பாது.

நீங்கள் லெப்டினென்ட் ஆல்வின் மெனேசஸ் அவர்களின் மகள் என்று சொன்னபோது முதலில் நான் நம்பவில்லை. மன்னித்துக்கொள்ளுங்கள். இந்த ஒரு மாதமாக இங்கே யார் யாரோ யார் யாருக்கோ சொந்தமாகிவிட்டார்கள். பிறகு வாசலில் நின்று குடையை மடக்கும்போது நெற்றியைச் சுளித்தீர்கள். அந்தச் சுளிப்பு எனக்குத் தெரியும். உங்கள் அப்பாவை நான் நாற்பது நிமிடம் பார்த்திருக்கிறேன். முப்பத்தொரு வருஷம் ஆகிறது. உங்களுக்கு அப்போது என்ன வயது? இரண்டரையா. சரி.

பஸ் தாமதமானதற்கு நீங்கள் வருத்தப்பட வேண்டாம். வராமல் போனதே நல்லது. பார்த்திருந்தால் உங்களுக்கும் குமட்டியிருக்கும்.

முன் வரிசையில் உங்களுக்கென்று ஒரு நாற்காலி போட்டிருந்தேன். ‘குடும்பத்தார்’ என்று காகிதத்தில் எழுதி ஒட்டியிருந்தேன். லூர்துநாயகம் வாத்தியாரின் வீட்டம்மா வந்து அந்தக் காகிதத்தின் மேலேயே உட்கார்ந்தார். நான் பக்கத்தில் போய் மெல்லச் சொன்னேன். “நாங்களும் குடும்பந்தானவே, போவும்” என்றார். எழும்பிப் போனபோது காகிதம் அவர் சேலையின் பின்னால் ஒட்டிக்கொண்டு போயிற்று. அப்படியே நற்கருணை வாங்க வரிசையில் நின்றார், ‘குடும்பத்தார்’ என்று பின்னால் எழுதிக்கொண்டு. சிரிக்கிறீர்களா? சிரிக்கலாம். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

வாசலில் அந்தப் பெரிய பிளெக்ஸ் பலகையைப் பார்த்தீர்களா? பேரவைக்காரர்கள் பதினொரு பேருக்கும் முகம் சாப்பாட்டுத் தட்டு அளவு. மூலையில் எலுமிச்சம்பழம் அளவில் ஒரு முகம் இருக்கிறது. அதுதான் உங்கள் அப்பா. பேச்சுகள் ஐந்து. பேரவைத் தலைவர் மட்டும் நாற்பத்தொரு நிமிடம் பேசினார். அதில் உங்கள் அப்பாவின் பெயரை நான்கு தடவை சொன்னார். மூன்று தடவை தப்பாகச் சொன்னார். ஒரு தடவை மேனகா என்றே சொன்னார். கப்பற்படைக்காரர் ஒருவர் தலையைக் குனிந்துகொண்டார். ‘பேரவையின் அயராத உழைப்பு’ என்பதை ஒன்பது தடவை சொன்னார். உழைப்பு என்னவென்றால், ஒரு கல்லை வாங்கி அதில் எழுத்து வெட்டி, பாவசங்கீர்த்தனப் பெட்டிக்குப் பக்கத்துச் சுவரில் நான்கு ஆணி அடித்து மாட்டியதுதான். அந்த இடத்தை ஏன் பிடித்தார்கள் தெரியுமா? செய்த பாவத்தைச் சாமியிடம் சொல்ல அந்தப் பெட்டிமுன் வரிசையில் நிற்கிற ஜனங்கள் சும்மா நிற்பதற்கு இதைப் படிக்கட்டும் என்று.

கல்லைப் படித்தீர்களா? நானே வாசிக்கிறேன், எனக்கு மனப்பாடம். “கடும்புயலில் கவிழ்ந்த வள்ளத்திலிருந்து ஆறு மீனவரைக் காத்து, ஏழாமவரான புன்னைத்துறை வலேரியானைத் தேடிச் சென்று, அவரோடு கடலில் கலந்த மாவீரர்.” கீழே தேதி. தேதி சரி. பெயரில் எழுத்துப் பிழை இல்லை, நான் மூன்று தடவை பார்த்தேன். ஆனால் ஏழு தப்பு. ஆறுதான். ஏழு இல்லை.

நான் எப்படிச் சொல்கிறேன் என்று பார்க்கிறீர்கள். அந்த ஆறு மீனவரில் ஒருவன் நான்.

அன்றைக்கு வள்ளத்தில் இருந்தவர்களைச் சொல்கிறேன். வள்ளத்துக்குச் சொந்தக்காரர் எஸ்தாக்கி மச்சான், என் மனைவியின் அண்ணன். அவர் மகன் பெர்க்மான்ஸ். திபூர்சியான். கஸ்பார். இரயப்பன். நான். ஆறு. இப்போது மற்ற ஐந்து பேரும் இல்லை. கடைசியாக இரயப்பன் போன வருஷம் தவக்காலத்தில் இறந்தான். ஐந்து பேருக்கும் துக்கமணி நான்தான் அடித்தேன். இன்றைக்கு மேடையில் எனக்குச் சால்வை போட்டார்கள், ‘எஞ்சியிருக்கும் ஒரே சாட்சி’ என்று. சாட்சியை ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா? சால்வையைப் போட்டுப் போட்டோ எடுத்து, தோளைப் பிடித்துத் திருப்பி இறக்கிவிட்டார்கள். சால்வை அங்கே கிடக்கிறது பாருங்கள். ஆலயத்துத் தரையைத் துடைக்கக்கூட ஆகாது, தண்ணீர் இழுக்காத துணி.

கல் செய்யக் கொடுப்பதற்கு முன்னால் பேரவைக் கூட்டத்துக்குப் போனேன். நான் கூட்டத்தில் பேசுகிற ஆள் இல்லை. டீ கொடுக்கப் போவதுபோலப் போய், கெட்டிலைக் கையில் பிடித்துக்கொண்டே சொன்னேன்.

“சாமி, ஏழுன்னு போட வேண்டாம். ஆறுதான்.”

ரெக்சன் சாமி நல்லவர், சின்ன வயசு. “காப்பாத்துனது ஆறு, காணாமப் போனது ஒண்ணு. ஆறும் ஒண்ணும் ஏழுதான, கோயில்பிள்ளை?” என்றார்.

“காணாமப் போனது அந்த ஆபீசர் மட்டுந்தான் சாமி.”

வலேரியானின் தம்பி லூர்துநாயகம் வாத்தியார் எழும்பிவிட்டார். “அப்ப எங்க அண்ணன் என்ன பேயாவே? ஆசுபத்திரியில வச்சு ஏழாவதா ஒரு ஆளு உண்டும்னு சொன்னது நீங்கதானவே, ஆறு பேரும்? பேரு தெரியாதுன்னு மறைச்சீங்க. எங்க அண்ணன் வீட்டுல சண்ட போட்டுட்டு எறங்கிப் போனதும் அந்த மாசந்தான். எங்கம்ம சாவுற மட்டும் வாசல்ல வெளக்கு வச்சா. இப்ப கெட்டிலத் தூக்கிட்டு வந்து ஆறுங்கீரு. வயசாச்சுன்னா வீட்டுல இரியும்!”

பேரவைக்காரர்கள் சிரித்தார்கள். ஒருவர், “டீ ஆறீட்டு, அதத்தான் ஆறுங்கார்” என்றார். எல்லோரும் அதற்கும் சிரித்தார்கள். நான் பதின்மூன்று டம்ளரிலும் டீயை ஊற்றிவிட்டு வந்துவிட்டேன்.

இன்றைக்குக் கல்லின் திரையை விலக்கினதும் அந்த வாத்தியார், அறுபத்தெட்டு வயசு ஆள், கல்லில் அண்ணன் பெயரைக் கையால் தடவித் தடவி அழுதார். வீட்டார் பதினாறு பேரும் அழுதார்கள். எனக்கு அருவருப்பாக இருந்தது. இல்லாத ஆளுக்கு அழுகிறார்களே! வலேரியான் எங்கள் வள்ளத்தில் ஏறியதே கிடையாது. அவனுக்குக் கடல் தண்ணீர் என்றாலே வாந்தி வரும். பம்பாய்ப் பக்கம் போனான் என்று அப்போதே பேச்சு. இதெல்லாம் தெரிந்துகொண்டே ஒருவர் கல்லைத் தடவி அழுவாரா? தெரியாமல் அழுதிருக்கலாம் என்கிறீர்களா. இருக்கலாம். நான் அதை யோசிக்கவில்லை.

அப்படியானால் ஏழு எங்கிருந்து வந்தது என்றுதானே கேட்கிறீர்கள். சொல்கிறேன். இந்த நாற்காலிகளை அந்த மூலையில் வைத்துவிட்டு வருகிறேன்.

எஸ்தாக்கி மச்சானின் வள்ளத்தில் ஒரு வழக்கம் உண்டு. பிடித்து வந்த மீனை மணலில் கூறு வைக்கும்போது ஆறு பேருக்கு ஏழு கூறு வைப்போம். ஏழாவது மாதாவுக்கு. அது கோயிலுக்கு வந்துவிடும். பல வள்ளத்திலும் மாதாவுக்குக் கூறு உண்டு. ஆனால் மச்சான் ஒரு படி மேலே போவார். மாதாவும் நம்மோடு தொழிலுக்கு வருகிறாள், அவளும் ஒரு ஆள் என்பார். அணியத்தில், வள்ளத்தின் முன்முனையில், அவளுக்கு இடம் விட்டிருப்போம், அங்கே யாரும் காலை நீட்டக் கூடாது. விடியற்காலையில் வள்ளத்தைத் தள்ளுவதற்கு முன்னால் ஆள் எண்ணுவோம். மச்சான் “ஒண்ணு” என்பார். பெர்க்மான்ஸ் “ரெண்டு.” அப்படியே போய் நான் “ஆறு” என்பேன். பிறகு எல்லோரும் சேர்ந்து, “ஏழு, மாதா!” அதைச் சொல்லிவிட்டுத்தான் தள்ளுவோம். பத்தொன்பது வருஷம் அப்படி எண்ணியிருக்கிறேன். எங்கே யார் கேட்டாலும், உங்கள் வள்ளத்தில் எத்தனை பேர் என்றால் ஏழு என்போம். ஊருக்குள் எல்லோருக்கும் அது தெரியும். வெளியாட்களுக்குத் தெரியாது.

அன்றைக்குக் காலை எட்டரை மணிக்கு வள்ளம் கவிழ்ந்தது. பதினொன்றே காலுக்கு உங்கள் அப்பாவின் கப்பல் எங்களைக் கண்டது. நாங்கள் கவிழ்ந்த வள்ளத்தின் மேல் பல்லிபோல ஒட்டிக்கிடந்தோம். கப்பல் பக்கத்தில் வர முடியவில்லை. உங்கள் அப்பா இரண்டு மாலுமிகளோடு ரப்பர் படகில் வந்தார். இடுப்பில் கயிறு கட்டியிருந்தார். தமிழ் தெரியாது. ஆனால் யாரிடமோ ஒரு வார்த்தை கேட்டு வைத்திருந்தார். தூரத்திலேயே கத்தினார்: “எத்தனை? எத்தனை?”

மற்றவர்கள் யாரும் பதில் சொல்கிற நிலையில் இல்லை. மச்சானுக்குக் கால் ஒடிந்திருந்தது. நான் கையைக் காட்டினேன். இந்தக் கையில் ஐந்து, இந்தக் கையில் இரண்டு.

பழக்கம் அம்மா. கை அப்படித்தான் போயிற்று.

அவர் ஒவ்வொருவராக இழுத்தார். ஒவ்வொரு தடவையும் தண்ணீரில் குதித்து, நீந்தி வந்து, கக்கத்தில் கையைக் கொடுத்து, படகுக்குக் கொண்டுபோனார். அலை ஒவ்வொன்றும் இந்தக் கோயில் பலகணி உயரம். முதலில் மச்சான். கடைசியில் நான். ஆறு பேரும் ரப்பர் படகுக்குள் கிடந்தோம். உங்கள் அப்பாவுக்கு உதடு நீலமாக இருந்தது. நெற்றியில் அடிபட்டு ரத்தம் வந்தது. அவர் எங்களை எண்ணினார். ஒவ்வொருவர் தலையிலும் கையை வைத்து எண்ணினார். என் தலையில் வைத்ததும் ஆறு. நெற்றியைச் சுளித்தார். பிறகு ஒரு விரலைக் காட்டினார். “ஒண்ணு?” என்றார். அந்த வார்த்தையும் அவருக்குத் தெரிந்திருந்தது.

ஆசுபத்திரியில் கப்பற்படை அதிகாரி ஒருவர் தமிழ் தெரிந்த ஆளோடு வந்து, ஏழாவது ஆள் யார் என்று கேட்டார். மச்சான் படுத்தபடியே, “ஏழாவதா? அப்படி யாரும்...” என்று தொடங்கினார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். அவருக்கு அப்போதுதான் விளங்கியது. “வெளியூர்க்காரன் சார். அன்னைக்குத்தான் ஏறினான். பேரு தெரியாது” என்றார். மற்ற நான்கு பேரும் பேசவில்லை. சாகும்வரை பேசவில்லை. மச்சான் கால் சரியாகித் திரும்பவும் தொழிலுக்குப் போனார், நான் போகவில்லை. ஆனால் கரையில் நின்று பார்ப்பேன். அதற்குப் பிறகு என் இடத்தில் வேறு ஆளை வைத்துக்கொண்டு, ஆறு பேருக்கு ஆறு கூறுதான் வைத்தார். அப்போதிருந்த பங்குச்சாமி, “எஸ்தாக்கி, மாதா கூறு எங்கவே?” என்று கேட்டார். மச்சான் மீனை விட்டுத் தலையை எடுக்காமல் சொன்னார்: “அவ அன்னைக்கே எறங்கிட்டா சாமி.”

என்னிடம் அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டிருக்கலாம். திட்டியிருக்கலாம். என்னைக் காப்பாற்றுகிறோம் என்று நினைத்துக்கொண்டு ஐந்து பேரும் ஒரு ஆளை உண்டாக்கிவிட்டார்கள். உண்டாக்கின ஆளுக்கு ஊர் பெயர் வைத்தது, வலேரியானின் அம்மா வைத்தாள், தம்பி வாத்தியார் வைத்தார், இப்போது கல்லும் வைத்துவிட்டது. எல்லாம் பொய். எப்படி அருவருக்காமல் இருக்கும்?

என்ன கேட்டீர்கள்?

அவர் ஒரு விரலைக் காட்டினபோது நான் என்ன சொன்னேன் என்றா.

யாரும் இதைக் கேட்டதில்லை. கப்பற்படைக்காரர்கள் கேட்கவில்லை. சாமிமார் ஏழு பேர் வந்து மாறிவிட்டார்கள், அவர்களும் கேட்கவில்லை. நான் பாவசங்கீர்த்தனப் பெட்டிக்குள் போய் முழந்தாளிட்டால்தானே கேட்பார்கள்.

அவர் எங்களை எண்ணியபோது நானும் வாய்க்குள் எண்ணினேன். பயம் வந்தால் எண்ணுவேன், சின்ன வயதிலிருந்தே அப்படி. ஆறு. ஆறுதான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. மாதாவையும் சேர்த்துக் கை காட்டிவிட்டேன் என்று அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. நான் சொன்னேனே, எனக்கு எண்ணிக்கை தப்பாது. உங்கள் அப்பா என் முகத்தையே பார்த்தார். உடுப்புப் போட்ட பெரிய ஆபீசர். ஆறு தடவை தண்ணீரில் குதித்தவர். அவரிடம், தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று எப்படிச் சொல்வது? எந்தப் பாஷையில் சொல்வது? கையை ஆட்டினால் போதும், இல்லை என்று. எனக்கு வெட்கமாக இருந்தது அம்மா. வெட்கந்தான். வேறு ஒன்றுமில்லை. ஏழு என்று காட்டின கையை மடக்கி ஆறு என்று காட்ட வெட்கம்.

தலையை ஆட்டிவிட்டேன். ஆமாம் என்று.

அவர் கயிறு தளர்ந்திருந்தது. அதை அவிழ்த்துத் திரும்பக் கட்டினார். விரல் விறைத்துப்போய் முடிச்சு விழவில்லை. அவர் கட்டி முடிக்கிறவரை நான் எண்ணினேன். பதினொன்று. பதினொன்று எண்ணுகிற நேரம் இருந்தது. பிறகு குதித்தார். வள்ளத்தின் அடியில் போய்த் தேடினார். அப்போது ஒரு அலை வள்ளத்தைத் தூக்கி அவர் மேலேயே போட்டது. மாலுமிகள் கயிற்றை இழுத்தார்கள். கயிறு லேசாக வந்தது.

எழும்பி நிற்கிறீர்களே. உட்காருங்கள். இல்லை, உங்கள் விருப்பம். தண்ணீர் வேண்டுமா? சரி.

ரெக்சன் சாமி சாப்பிட்டுவிட்டுப் படுத்திருக்கிறார், நான்கு மணிக்கு எழும்புவார். நீங்கள் சொன்னால் கல்லை மாற்றுவார். நான் கெட்டிலோடு போய்ச் சொன்னால் மாற்றமாட்டார்கள். ஏழு என்பதை எடுத்துவிடச் சொல்லுங்கள். வலேரியானை எடுத்துவிடச் சொல்லுங்கள். அந்த இடத்தில் என்ன எழுதுவது என்று அவர்கள் கேட்டால்... என் பெயரைச் சொல்லுங்கள். ஏழு என்று சொன்னவன் வியாகுலம் என்று. எழுத்து எண்ணிக்கை ஏறக்குறைய சரியாக வரும், நான் பார்த்துவிட்டேன்.

என்ன? வாத்தியாரிடம் யார் சொல்வது என்றா கேட்கிறீர்கள்?

அதை நான் யோசிக்கவில்லை. நீங்கள் இப்போது உங்கள் அப்பாவைப் பற்றிக் கேட்பீர்கள் என்று நினைத்தேன். நீங்கள் வாத்தியாரைப் பற்றிக் கேட்கிறீர்கள்.

நான்தான் சொல்லவேண்டும். ஆமாம். அவர் வீடு இங்கிருந்து நூற்று நாற்பது காலடி. இப்போது பதினாறு பேரும் அங்கே சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். பதினாறு பேர் முன்னால். கையில் கெட்டில் இல்லாமல்.

போவேன் மகளே. முதலில் சாமி எழும்பட்டும். இந்தப் பெட்டிக்குள் ஒரு தடவை முழந்தாளிட்டுவிட்டுப் போகிறேன். நீங்கள் வெளியே நின்றால் போதும். உள்ளே போனேனா என்று பார்க்க ஒரு ஆள் வேண்டும்.

இன்னும் ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். பூசைக்கு முன்னால் யார் யார் நற்கருணை வாங்குவார்கள் என்று பார்த்து நான் அப்பம் எண்ணி வைப்பேன். சின்னப் பிள்ளைகள் வாங்கமாட்டார்கள், குடித்துவிட்டு வந்தவர்கள் வாங்கமாட்டார்கள், பக்கத்து வீட்டோடு சண்டையில் இருப்பவர்கள் வாங்கமாட்டார்கள். எனக்கு எல்லோரையும் தெரியும். ஆனாலும் ஒவ்வொரு பூசையிலும் ஒன்று மிஞ்சும். “என்ன கோயில்பிள்ளை, உமக்கு எப்பவும் ஒண்ணு கூடிப்போவுது?” என்று சாமி சிரிப்பார். நானும் சிரித்துவைப்பேன். கூடிப்போவதில்லை. என்னையும் சேர்த்துத்தான் வைப்பேன். பாவத்தைச் சொல்லாதவன் வாங்கக் கூடாதே, அதனால் ஜனங்கள் வரிசையில் வரும்போது நான் மணிக்கயிற்றுப் பக்கம் போய் நின்றுகொள்வேன். முப்பத்தொரு வருஷமாக.

இன்றைக்கு நீங்கள் வருவீர்கள் என்று சொன்னதால் உங்களையும் எண்ணிவிட்டேன். வைத்தது இருநூற்றுப் பதினான்கு. வாங்கினவர்கள் இருநூற்றுப் பன்னிரண்டு பேர். மீதி இரண்டு.